நாற்பத்தெட்டு நாள் டீசல்

என் சகலை தசரதனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் இன்று பத்து வார்த்தை சொல்வேன். எண்பதாம் வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒன்றுகூட வந்திருக்காது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம், வேங்கிக்காலில் ஒன்றரை ஏக்கர் நிலம், கிணறு, அதன் மேல் ஐந்து எச்.பி. ஆயில் இன்ஜின். இவ்வளவும் இருந்தால் மனுஷனுக்குத் தலை கனக்காமல் என்ன செய்யும்?

தசரதன் என் மனைவி சரசுவின் தங்கை தனத்தைக் கட்டினவன். செங்கம் ரோட்டில் ஒரு தனியார் பஸ் ஷெட்டில் மெக்கானிக். கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. வீட்டுக்குப் பின்பக்கம் கொட்டகை போட்டு, தனம் மிளகாய் அரைக்கும் மெஷின் வைத்திருந்தாள். கரண்ட்டுக்கு எழுதிப்போட்டு ரெண்டு வருஷமாகியும் ஒரு கம்பம்கூட வந்து சேரவில்லை. அதனால் அந்த மெஷினும் ஆயில் இன்ஜினில்தான் ஓடியது.

எழுபத்துநாலில் டீசல் விலை ஏறியபோது, இன்ஜின் வயிற்றை நிரப்புவதா நம் வயிற்றை நிரப்புவதா என்று தனம் புருஷனைக் கேட்டாளாம். பஸ்ஸிலிருந்து இறக்கும் பழைய இன்ஜின் ஆயிலை அந்தக் காலத்தில் யார் மதித்தார்கள்? மாட்டுவண்டி அச்சுக்கு விடவும், கரையான் ஏறாமல் கதவு நிலைக்குப் பூசவும் யாராவது ஒரு டப்பா வாங்கிப் போவார்கள். மீதி, ஷெட்டுக்குப் பின்னால் இருந்த குழிக்குத்தான். அழுக்குத் துணியைத் துவைத்து உடுத்துகிறோமே, அழுக்கு எண்ணெயைத் துவைத்தால் என்ன என்று அந்தக் குழி ஓரத்தில் நின்று யோசித்திருக்கிறான் தசரதன். முதலாளியைக் கேட்டதற்கு, குழி நிரம்பி வழிகிறது, அள்ளிக்கொண்டு போய்ச் சேர் என்றார் அவர்.

வீட்டில் மூன்று பழைய டிரம் வாங்கிப் போட்டான். எண்ணெயை ஊற்றி அப்படியே ஆறப்போட்டால் மண்டி கீழே தங்கும் என்பது அவன் எண்ணம். முதல் தடவை இருபது நாளில் அவசரப்பட்டு எடுத்தான். இன்ஜின் அடைத்துக்கொண்டது. அடுத்த தடவை முப்பது நாள். ஓடியது, ஆனால் கக்குவான் வந்த குழந்தை மாதிரி இருமிக்கொண்டே ஓடியது. கோயிலில் கும்பாபிஷேகம் முடிந்தால் ஒரு மண்டலம் அபிஷேகம், வைத்தியர் லேகியம் கொடுத்தால் ஒரு மண்டலம் பத்தியம். எண்ணெய்க்கும் அதையே வைத்துவிட்டான். நாற்பத்தெட்டு நாள் கழித்து எடுத்த எண்ணெயில் இன்ஜின் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது. அன்றிலிருந்து எந்த டிரம் நிரம்பினாலும் அதற்கு ஒரு மஞ்சள் கயிறு கட்டுவான், சாக்பீஸால் தேதி எழுதுவான், மண்டலம் முடியும்வரை யாரையும் தொடவிட மாட்டான். எண்பத்தாறில் கரண்ட் வந்து மெஷினுக்கு மோட்டார் மாட்டின பிறகும் ஒரு டிரம்மை மட்டும் அவன் விடவில்லை.

வடிகட்டுவதுதான் வேடிக்கை. வேட்டித் துணியில் வடிகட்டினால் கரி நின்றபாடில்லை. ரமணாசிரமத்துப் பக்கம் வாடகைக்குத் தங்கும் வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது, முரட்டு நீலப் பேண்ட்டுகளைச் சலவைக்கார இருசப்பனிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தசரதன் அவற்றைக் கேட்டு வாங்கி, கால் முனை இரண்டையும் இறுகக் கட்டி, இடுப்பைக் கம்பி வளையத்தில் கோத்து வேப்பமரத்தில் தொங்கவிட்டான். இடுப்பில் எண்ணெயை ஊற்றினால் கால் வழியாகச் சொட்டும். முதல் நாள் அதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஜோதியம்மாள், ஒரு வெள்ளைக்காரன் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான், காலை மட்டும் தொங்கப்போட்டிருக்கிறான் என்று தெருவையே கூட்டிவிட்டாள்.

வடிந்த எண்ணெயில் தண்ணீர் இருந்தால் இன்ஜின் போய்விடும். அதனால் பட்டப்பகலில், கொல்லையின் கடைசியில், மெல்லிய தணலில் வைத்துக் காய்ச்சுவான். தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்க ஒரு பழைய தோசைக்கல்லைச் சூடாக்கி ஒரு சொட்டு விடுவான். தண்ணீர் இருந்தால் சடசடக்கும். ஆனால் ஷெட்டு இரைச்சலில் தசரதனின் காது பாதி போயிருந்தது. தாளித்துத் தாளித்துப் பழகிய தனத்தின் காதுதான் அவனுக்குப் பரீட்சைக் கருவி. அவள் குனிந்து கேட்டுவிட்டு, இன்னும் தண்ணி கீது என்றால் மறுபடி காய்ச்ச வேண்டும். இறக்கு என்றால் இறக்க வேண்டும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

இதையெல்லாம் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்க வேண்டுமா இல்லையா? என் புத்தி எங்கே போயிற்றோ தெரியவில்லை. எங்கள் வீட்டுக் காதுகுத்து விருந்தில், பந்தி நடுவில், தசரதன் பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பாரிலும் டீசல் வாசனை அடிக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். பந்தியே சிரித்தது. தசரதனும் சிரித்தான். பரிமாறிக்கொண்டிருந்த தனம் மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் என் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். எண்பதாம் வருஷம் பங்குனியில் அந்தப் பூனையின் காலம் வந்தது. ஒன்றரை ஏக்கரும் நெல். கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். ஏரி வற்றிவிட்டது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் இன்ஜினுக்கு ஊற்ற டீசல் ஊரிலேயே இல்லை. பங்க் பங்க்காகக் கேனைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். 'ஸ்டாக் இல்லை' பலகைகளைப் படித்ததுதான் மிச்சம். பத்து நாளைக்குள் இரண்டு தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர். எங்கள் வீட்டில் ஏழு பேர் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது அந்த நெல்தான்.

சரசு துரத்தித் துரத்தி என்னைத் தசரதன் வீட்டுக்கு அனுப்பினாள். அவன் ஓடிவந்து வரவேற்றான். விஷயத்தைச் சொன்னதும், நிறைந்திருந்த ஒரே டிரம் பக்கம் போய்த் தேதியைப் பார்த்தான்.

"இன்னிக்கு நாப்பதாவது நாள்ணா. இன்னும் எட்டு நாள் கீது."

"என் நெல்லுக்கு மண்டலம் தெரியுமா?" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. தனத்திடம் மெஷினுக்காக வடித்துக் காய்ச்சிய எண்ணெய் இரண்டு டின் இருக்கிறது, அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றான். பங்குனி, சித்திரைதான் ஊரே வருஷத்து மிளகாய்த்தூள் அரைக்கிற காலம், அதனால் அது அவள் சொத்து, தான் எடுத்துக் கொடுக்க முடியாது என்றும் சொன்னான். தனம் உள்ளேதான் இருந்தாள். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. பந்தியில் மட்டும் வந்த வாய்! பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் பர்மிஷன் போட்டுவிட்டு, தசரதன் ஷெட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு கேனோடு சந்துப் பக்கமாகக் கொல்லைக்குள் நுழைந்தேன். மெஷின் ஓடவில்லை, ஆள் அரவம் இல்லை. நாற்பது நாளும் ஒன்றுதான், நாற்பத்தெட்டு நாளும் ஒன்றுதான் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். மஞ்சள் கயிறு கட்டிய டிரம்மின் அடியில் ஒரு குழாய் இருந்தது. எங்கள் வீட்டில் தண்ணீருக்கு மூன்று பானை அடுக்கி வைத்திருப்போம். மேல் பானையில் கலங்கலாக ஊற்றினால், கரியும் மணலும் தாண்டி அடிப்பானையில் தெளிவாக விழும். நல்லது கீழேதானே வரும் என்று அடிக்குழாயைத் திறந்தேன். கெட்டியாகக் கருப்பாக வந்தது. சத்து ஜாஸ்தி போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்ஜின் கால் மணி நேரம் ஓடியது. கரும்புகையைக் கக்கியது, குலுங்கியது, நின்றது. அதற்கப்புறம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் தோள் இறங்கியதுதான் மிச்சம். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் அப்படியே போனது. வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைப் பிதுக்கிப் பார்த்தேன். பால் வற்ற ஆரம்பித்திருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

விடிந்ததும் ஷெட்டுக்குப் போய்த் தசரதனிடம் திருட்டை ஒப்புக்கொண்டேன். கீழ்க்குழாய் என்று கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பில் பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அது மண்டியைக் கழித்துவிடுகிற குழாய், நல்ல எண்ணெயை எப்போதும் மேலிருந்துதான் மொண்டு எடுப்பான் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சைக்கிளில் என்னோடு வந்தான். எண்ணெய் பீய்ச்சும் நாசிலைக் கழற்றினான், பில்டரைத் திறந்தான். உள்ளே கருப்பு அல்வா. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி மாட்டிவிட்டு, இன்ஜின் ரெடி, ஊற்ற எண்ணெய் எங்கே என்று கையை விரித்தான். நான் கலக்கிவிட்ட டிரம்முக்கு இனிமேல் புதிதாக ஒரு மண்டலம் வேண்டும். மிச்சமிருந்தது தனத்தின் இரண்டு டின்தான்.

நான் போனபோது தனத்தின் கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் மிளகாய்க் கூடையோடு வரிசையில் நின்றார்கள். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவன், உள்ளே காலை வைத்ததும் தும்ம ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, எட்டு. கண்ணிலும் மூக்கிலும் ஒழுகுகிறது. ஒரு கிழவி, பாவம், அழுகிறார், யாருக்கு என்ன ஆச்சோ என்றாள். தனம் இன்ஜினை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"தனம், அன்னிக்குப் பந்தியில நான் பேசினது தப்பும்மா. என் பயிர் காயுது. உன் எண்ணெய் எனக்கு வேணும்."

அத்தனை பேருக்கு முன்னால்தான் சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால்தானே பந்தியிலும் பேசினேன்.

அவள் அரைத்தவரைக்கும் கொடுத்துவிட்டு, மற்றவர்களை வேறு மெஷினுக்குப் போகச் சொன்னாள். மிளகாய் அரைக்கிற காலத்தில் ஒரு தடவை வேறு மெஷினுக்குப் போனவர்கள் அந்த வருஷம் திரும்பி வரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும். இரண்டு டின்னையும் அவளே தூக்கி வந்து ரிக்‌ஷாவில் வைத்து, கூடவே ஏறி உட்கார்ந்தாள்.

கிணற்றடியில் காத்திருந்த தசரதன் கொஞ்சம் மண்ணெண்ணெயில் இன்ஜினைக் கிளப்பி, சூடானதும் அவள் எண்ணெய்க்கு மாற்றினான். ஒரு இருமல் இல்லை. குழாய் இரண்டு தரம் காற்றைத் துப்பியது, அப்புறம் தண்ணீர் மொத்தமாக வந்து தொட்டியில் விழுந்தது. எனக்கு அவன் காலில் விழலாமா, அவள் காலில் விழலாமா என்று இருந்தது. இரண்டு பேருமே என்னைவிடச் சின்னவர்கள், அதனால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனேன்.

தனம் வரப்போடு கூடவே வந்தாள். இரண்டு கழனி நனைந்ததும் சொன்னாள்.

"மாமா, அன்னிக்கு நீங்க குழாயத் தெறந்தீங்க இல்ல, நான் ஜன்னலாண்டதான் நின்னிருந்தேன்."

நான் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். கீழ எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. கெட்டுப் போவட்டும்னு நெனச்சேன். அதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல மாமா."

ஊர் அறிந்த கோபக்காரன் நான். கோபம் வரும் என்று நானே காத்திருந்தேன். வரவில்லை. மூன்று நாளாக என் வீட்டிலும் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்பதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த தடவை ஜன்னலிலிருந்தாவது ஒரு குரல் கொடு என்றேன்.

"அடுத்த வாட்டி நீங்க வாசல் வழியா வாங்க" என்றாள்.

கடைசிக் கழனிக்குத் தண்ணீர் வந்துவிட்டதாகக் கிணற்றுப் பக்கமிருந்து தசரதன் கத்தினான். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் சேற்றில் இறங்கிவிட்டாள்.