ரோசலி அம்மாவிடம் நான் கொண்டுபோகாத தகராறு

ரோசலி அம்மா போய்விட்டார் என்று எங்கள் உப்பளத்துச் செல்வராணி போனில் சொன்னபோது, நான் மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். "காலைல எழுந்திருக்கவே இல்ல சார். நேத்து நல்லாத்தானே இருந்தாங்க" என்று அழுதாள். டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் அது பச்சைப் பொய். இனிமேலாவது ஜனங்கள் நம்மிடம் வருவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. சீ, என்ன மனுஷன் நான் என்று அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் தோன்றியது தோன்றியதுதான்.

இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்ட சங்கத்துத் தோழர்களுக்கு இது தெரியாது. இருபது வருஷம் கூட வேலை பார்த்தவர், நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார் என்று நினைத்திருப்பார்கள். எழுதத்தான் போகிறேன். ஆனால் நான் அவரைப் பார்த்து வயிறு எரிந்தவன். அதை ஒளித்துவைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

உங்களில் அவரோடு அதிகம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் உப்பளத்தில் நான் சூப்பர்வைசர். அவர் உப்பு சுமக்கும் பெண்களுக்கு மேஸ்திரி. ஆண்கள் பாத்தியில் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள், பெண்கள் அதைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் மேட்டில் குவிப்பார்கள். மேலே வெயில், கீழே உப்பின் வெள்ளை. கண் கூசும், தலை சுற்றும், வாய் தானாக நீளும். சண்டைக்குப் பஞ்சமே கிடையாது. அந்தச் சண்டைகளைத் தீர்ப்பது என் வேலை. நிர்வாகம் கொடுத்த உத்தரவிலேயே அப்படித்தான் இருக்கிறது. அதற்காக என்னைச் சென்னைக்கு அனுப்பி, ஏசி அறையில் இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். சான்றிதழை லேமினேஷன் செய்து மாட்டியிருக்கிறேன். வந்த கையோடு ஒரு புகார்ப் பெட்டி செய்து, பூட்டுப் போட்டு, ஷெட் சுவரில் அடித்தேன். முதல் சனிக்கிழமை திறந்தால் உள்ளே ஒரு மிட்டாய்க் காகிதம். அடுத்த சனிக்கிழமை ஒரு பல்லி. புகாரெல்லாம் எப்போதும்போல ரோசலி அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தது.

தணிகாசலமும் அந்தோணியும் கைகலந்த நாள் பலருக்கு நினைவிருக்கும். இருவரும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவர்கள். அந்தோணியின் பாத்தியில் உப்பு நன்றாக விளைந்து, மறுநாள் வாரவேண்டியதுதான் பாக்கி. தன் பாத்திக்குத் தண்ணீர் விடப் போன தணிகாசலம், மாற்றி அந்தோணியின் மடையைத் திறந்துவிட்டுப் போய்விட்டான். புதுத் தண்ணீர் உள்ளே பாய்ந்து, விளைந்த உப்பு மொத்தமும் கரைந்துபோனது. "வேணும்னே பண்ணிட்டான் சார்! எத்தினி நாள் பாடு சார் இது!" என்று அந்தோணி மண்வெட்டியைத் தூக்கினான். "டேய், தெரியாம நடந்துபோச்சுடா!" என்று இவன் அவன் சட்டையைப் பிடித்தான். நான் நடுவில் புகுந்து விலக்கி, இருவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தேன். எல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் மெமோவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு நேரே ரோசலி அம்மாவிடம் போனார்கள். "மொதல்ல ரெண்டு பேரும் நல்ல தண்ணில கால கழுவிட்டு வாங்கப்பா" என்றார் அவர். உப்பளத்தில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்தான், அதுவும் ஒரே ஒரு டிரம். ஆனாலும் தகராறு என்று வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு செம்பு எடுத்துக் கொடுப்பது அவர் வழக்கம். வெடித்த பாதத்தில் உப்பு ஏறினால் நாளெல்லாம் எரியும். "கால் எரியறப்ப நாம பேசறதில்ல, உப்புதான் பேசுது" என்பார். இருவரும் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவர் தணிகாசலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தினி வருஷமா மடை தெறக்கிற ஆளு நீ. உனக்கு எப்பிடிப்பா மாறும்? கண்ணு ஒழுங்கா தெரியுதா?" என்று கேட்டார்.

தணிகாசலம் உடைந்து அழுதுவிட்டான். "ஒரு வருஷமா மங்கலாத்தான் இருக்குதுக்கா. சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களேன்னு..." அந்தோணிக்குக் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "ஏம்பா, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" என்று அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். மறுவாரம் அவன்தான் இவனைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினான். போகிற வழியில் என் மெமோவில் வேர்க்கடலை மடித்துத் தின்றார்களாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? தினமும் அந்த ஆளை நேருக்கு நேர் பார்க்கிறவன் நான். அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லையே!

சரி, நம்மால் மட்டும் முடியாதா என்று நானும் செய்து பார்த்தேன். சும்மாட்டுத் துணி யாருடையது என்று இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு, "மொதல்ல கால கழுவிட்டு வாங்க" என்றேன். "ஏன் சார், நாறுதா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி குபீரென்று சிரிக்க, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். தகராறு அத்தோடு போயிற்று. ரோசலி அம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, சார் எவ்ளோ சீக்கிரம் தீத்து வச்சிட்டாரு!" என்றார். கேலியா பாராட்டா என்று இன்றுவரை புரியவில்லை. எதுவானாலும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், மழைக்காலம் தொடங்குகிற நேரம். உப்புக் குவியல்களைத் தார்ப்பாய் போட்டு மூடவேண்டும். எந்தக் குவியலை முதலில் மூடுவது என்று இரண்டு குழுக்களுக்குள் வாக்குவாதம். ரோசலி அம்மா இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்துவிட்டார், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் மூடுவதற்குத் தார்ப்பாய் இல்லை. அது பூட்டிய அறையில் இருந்தது. சாவி என் பாக்கெட்டில் இருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் திண்டிவனத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் வந்து சேர்வதற்குள் மழை கொட்டி ஒரு குவியல் பாதி கரைந்துவிட்டது. மேனேஜர் அறிக்கை கேட்டார். அனுமதியில்லாமல் மேஸ்திரி நடத்திய பஞ்சாயத்தால் வேலை தாமதமானது என்று எழுதிக் கொடுத்தேன். பயத்தில் எழுதினேன் என்று சொல்லலாம். பயம் பாதிதான். இது அச்சானால் மேனேஜரும் படிப்பார். படிக்கட்டும்.

அவரை மேஸ்திரி வேலையிலிருந்து எடுத்து, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாக்கெட் போடும் கொட்டகைக்கு மாற்றினார்கள். உத்தரவை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். "சரி சார். நெழல்ல உக்காந்து மூட்டை தைக்கிறது. நல்லதுதான்" என்றார். இனி நம் ராஜ்ஜியம் என்று நினைத்தேன். நடந்தது என்ன தெரியுமா? சாப்பாட்டு நேரத்தில் அந்த மொட்டை வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து அவரிடமே போனார்கள். போகும் வழியில் என் அறை இருந்தது. ஒருத்தர்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

நானும் வேலை விஷயமாகக் கொட்டகைக்குப் போவதுண்டு. போகும்போதெல்லாம் ஊசியை நிறுத்திவிட்டு, "சார், எதுனா பேசணுமா?" என்று கேட்பார். "ஒண்ணுமில்லம்மா, தையல் மிஷின பாக்க வந்தேன்" என்பேன். இரண்டு வருஷமும் இதே கேள்வி, இதே பதில். ஊர் முழுக்க இவரிடம் வருவது போதாதென்று என்னையும் வரவைக்கப் பார்க்கிறார், எவ்வளவு திமிர் என்று கறுவிக்கொண்டே திரும்புவேன்.

அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. மீனவக் குப்பங்களிலிருந்தும் வந்திருந்தார்கள், கூனிமேட்டு லாரிக்கார பாய்களும் வந்திருந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் நம் சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்றுதான் என் புத்தி போயிற்று. செல்வராணி என்னை ஒரு ஓரமாகக் கூப்பிட்டாள். கொட்டகையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூட்டை தைத்தவள் அவள்.

"சார், தார்ப்பாய் ரூம் சாவி உங்ககிட்டதான் இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாள். "எங்க எல்லாருக்குமே தெரியும். மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லலாம்னு அன்னிக்கே கௌம்புனோம். அவங்கதான் விடல."

"ஏன்?" என்றேன்.

"'இது எனக்கும் சாருக்கும் நடுவுல இருக்கிற தகராறு. எங்கிட்ட வந்தவங்க எல்லாம் அவங்களா வந்தாங்க. அவரும் அவரா வரட்டும்'னாங்க. நீங்க கொட்டகை வாசல்ல தலைய காட்டுனாலே, இன்னிக்கு பேசிடுவாருடின்னு எங்கிட்ட சொல்லுவாங்க சார். நீங்க மிஷின பாத்துட்டுப் போயிடுவீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கென்று ஒரு வழக்கை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அந்த அம்மா காத்திருந்திருக்கிறார். வேறு யாருக்கும் அவர் ஒரு நாளுக்கு மேல் காத்திருந்ததில்லை.

போன வாரம் இரண்டு பேர் தகராறோடு என் மேசைக்கு வந்தார்கள். இருபது வருஷமாக நான் ஏங்கிய காட்சி. நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அவங்க இல்லல்ல சார், அதான் உங்ககிட்ட வந்தோம்" என்றார் ஒருவர். உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டேன். மெமோ கொடுக்கவில்லை. தீர்ந்ததா என்று இன்னும் தெரியாது.

இந்த மலரில் எழுதும் மற்றவர்கள் அவரிடமிருந்து பொறுமையைக் கற்றேன், அன்பைக் கற்றேன் என்று எழுதியிருப்பார்கள். அவரால் எனக்கு மிஞ்சியிருப்பது அதே பொறாமைதான், ஆள் மட்டும் மாறியிருக்கிறது. அடக்கத்தன்று தணிகாசலமும் அந்தோணியும் அவருடைய உடலருகே உட்கார்ந்து, "அக்கா, அக்கா" என்று வாய்விட்டுக் கதறினார்கள். மனதில் இருந்ததையெல்லாம் அவர் இருக்கும்போதே கொட்டிவிட்டவர்கள், அவர்களால் அழ முடிந்தது. அவர்களைப் பார்த்தபோது எரிந்த வயிறு எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, எல்லோரோடும் சேர்ந்து ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.