பதினான்கா, பதினைந்தா

கிர்கிஸ் நாட்டுத் தோக்மோக் நகரில், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பல் மருத்துவமனையில் நான் பல் பிடுங்குகிறவள். அனார்கான் பல்செட் செய்கிறவள். என் அறைக்கும் அவள் பட்டறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். பதினோரு வருடமாக அவள் அரம் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வேலை பார்க்கிறேன். அவளால் சும்மா உட்கார முடியாது. தேநீர் குடிக்கும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். பேசிக்கொண்டிருப்பாள், பாதியில் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மறுபடி சாத்துவாள்.

அவள் மகள் சின்ன வகுப்பில் படித்தபோது வீட்டுப்பாடத்துக்காக இணையக் கலைக்களஞ்சியத்தில் ‘பல்’ என்று கிர்கிஸ் மொழியில் தேடியிருக்கிறாள். இரண்டே வரி. அதிலும் பெரியவர்களுக்கு முப்பது பல் என்று இருந்ததாம்.

“யார் வேணும்னாலும் திருத்தலாமாம் எஜே. நான் திருத்திட்டேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல” என்று மறுநாள் அனார் வந்து சொன்னாள். எஜே என்றால் அக்கா.

“சொல்லியிருந்தா?”

“வாயைத் திறந்து எண்ணிக் காட்டியிருப்பேன்.”

அப்படித் தொடங்கியது. பல், ஈறு, தாடை என்று எழுதி, பிறகு ஆறு, கணவாய், காளான் என்று போய், நாலு வருடத்தில் அவளை நிர்வாகியாக்கிவிட்டார்கள். ஏழு ஓட்டு ஆதரவு, எதிர்ப்பே இல்லை. எட்டாவது ஆள் இருந்தால்தானே எதிர்க்க. நிர்வாகி என்றால் சம்பளம் கிடையாது. சண்டை வரும் பக்கத்தைப் பூட்டலாம், அடங்காதவரைத் தடை செய்யலாம், அவ்வளவுதான். சண்டைக்குக் குறைவில்லை. பெஷ்பர்மாக் என்கிற எங்கள் இறைச்சிச் சாப்பாட்டுக்கு மாவை அகலமாக வெட்டுவதா ஒல்லியாக வெட்டுவதா என்று இரண்டு மாகாணத்துக்காரர்கள் ஒன்பது நாள் அடித்துக்கொண்டார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அனார் அதை முடித்துவைத்தாள்.

சாரி-ஜில்காவை அப்படி முடிக்க முடியவில்லை.

சாரி-ஜில்கா தெற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். தொண்ணூற்று நான்காம் வருடம் ஏப்ரலில், நாலு நாள் மழைக்குப் பிறகு, மேலேயிருந்த சரிவு அப்படியே இறங்கி ஒரு தெருவை மூடியது. அதைப்பற்றிய பக்கத்தை எழுதியவர் துர்தாகுன் என்கிற ஓய்வு பெற்ற நிலவியலாளர். மண்சரிவை விசாரித்த ஆணையத்தில் இருந்தவர். ‘மொத்தம் பதினான்கு பேர் இறந்தனர், அனைவரும் அவ்வூரார்’ என்று ஆணைய அறிக்கையைச் சான்று காட்டி எழுதியிருந்தார்.

ஆறு வருடம் அதை யாரும் தொடவில்லை. போன வசந்தத்தில் பெயரில்லாத யாரோ ஒருவர் பதினான்கைப் பதினைந்தாக்கினார். துர்தாகுன் திருப்பிப் பதினான்காக்கினார். மறுநாள் காலை பத்து மணிக்கு மறுபடி பதினைந்து. பதினோரு மணிக்குப் பதினான்கு. வேறெந்த எழுத்தும் மாறவில்லை. அந்த ஓர் எண் மட்டும் மூன்று வாரம் போய் வந்துகொண்டிருந்தது. இணைய முகவரியைப் பார்த்ததில், பெயரிலி எழுதுவது ரஷ்யாவில் எகாதெரின்பர்கிலிருந்து என்று மட்டும் தெரிந்தது.

“எவனோ வேலையத்தவன் விளையாடுறான். தடை போடும்மா” என்று துர்தாகுன் அவளுக்கு எழுதினார்.

ஒரு வாரத்துக்குத் தடை போட்டாள். போட்டதிலிருந்து அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணியானால் அரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கைபேசியைப் பார்ப்பாள்.

“அதான் தடை போட்டுட்டியே, அப்புறம் என்ன?” என்றேன்.

“விளையாடுறவன் கெட்ட வார்த்தை எழுதுவான் எஜே, கழுதைப் படம் போடுவான். இந்த ஆள் ஒரு எண்ணைத் தவிர எதையும் தொடல. பக்கத்துல இருந்த எழுத்துப்பிழையைக்கூடத் தொடல.”

தடை முடிந்த எட்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பதினைந்து வந்தது. அனார் பக்கத்தையே பூட்டினாள். ஒவ்வொரு கட்டுரைக்கும் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ள ஓர் உரையாடல் பக்கம் உண்டு. அதில் இப்படிக் கேட்டாள்: “உங்களோடு சண்டைக்கு வரவில்லை. பதினைந்து என்று எப்படித் தெரியும்?”

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. “அந்த ஊர்க்காரர்களை மட்டும்தான் எண்ணினார்கள். வந்திருந்தவரை எண்ணவில்லை.”

யார் வந்திருந்தவர்? அதற்குப் பதிலே இல்லை.

அந்த வாரம் அவள் செய்த ஒரு பல்செட்டில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒட்டவில்லை. பதினோரு வருடத்தில் முதல்முறை. நோயாளி வாயை மூட முடியாமல் உட்கார்ந்திருக்க, நான் தடுப்பைத் தட்டினேன். அவள் வந்து பார்த்து எடுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை மினி பஸ் ஏறி பிஷ்கெக்குக்குப் போய்விட்டாள், துர்தாகுனைப் பார்க்க.

அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூங்காவில் சதுரங்கம் ஆடும் கிழவர்களுக்கு நடுவில் அவர் இருந்தாராம். எழுபத்தைந்து வயது, விறைத்த முதுகு, சட்டைப்பையில் பூதக்கண்ணாடி.

“பைகே, நீங்க அங்க இருந்தீங்க. எத்தனை பேரை எடுத்ததைப் பார்த்தீங்க?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டிருக்கிறாள்.

“அறிக்கையில பதினாலு. கீழ என் கையெழுத்து இருக்கு.”

“அறிக்கையைக் கேக்கல. உங்க கண்ணைக் கேக்கறேன்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “என் கண்ணு சான்று ஆகுமா? போன வருசம் நூரா பனியாற்றைப் பத்தி நான் நேர்ல பார்த்ததை எழுதினேன். அச்சுல வந்த சான்று இல்லைன்னு அழிச்சது யாரு? நீதான். இப்ப என் கண்ணு வேணுமா உனக்கு?”

அழித்தது அவள்தான். பிறகு ஒரு காயை நகர்த்தி வைத்துவிட்டு அவர் தானாகவே சொன்னாராம்.

“ஊராட்சிப் பதிவேட்டை வச்சுத்தான் எண்ணினாங்க. ஒவ்வொரு பேராக் கூப்பிட்டு, இல்லாதவங்களுக்குக் கோடு போட்டாங்க. பதினாலு கோடு. ஓடைக்குக் கீழ ஒரு குதிரை சேணத்தோட கட்டியிருந்துச்சு. நாலு நாளா யாரும் அவுக்கல. என் குதிரைன்னு ஊர்ல ஒருத்தரும் சொல்லல. அப்புறம் வெளியூர்லேர்ந்து ஒரு கிழவி வந்து ஓட்டிட்டுப் போனா. குதிரையை எழுத அறிக்கையில இடம் இல்லம்மா.”

வெளியூர்க்காரர் என்றால் அவர் ஊர்ப் பத்திரிகையில் ஏதாவது வந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அங்கிருந்து நேரே தேசிய நூலகத்துக்குப் போய்ப் பழைய மாவட்டச் செய்தித்தாள்களைக் கேட்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும். மூன்றாம் முறை கிடைத்தது. பக்கத்து மாவட்டத்துப் பத்திரிகை, கடைசிப் பக்கம், கால்நடைத் துறை ஊழியர்கள் போட்ட இரங்கல் கட்டம்: தங்களோடு பணியாற்றிய கால்நடை மருத்துவ உதவியாளர், முப்பத்திரண்டு வயது, சாரி-ஜில்கா மண்சரிவில் அகால மரணமடைந்தார், மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் ஆறுதல். பெயரும் இருந்தது. அச்சில் வந்த சான்று, ஐயமே இல்லாத சான்று.

கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். உரையாடல் பக்கத்தில் “சான்று கிடைத்துவிட்டது. அதில் அவர் பெயர் இருக்கிறது. சேர்க்கப் போகிறேன்” என்று எழுதி, கீழே தன் தொலைபேசி எண்ணையும் போட்டாள். அப்படிப் பொதுவில் எண் போடுவது கூடாது. அவளே பலரைக் கண்டித்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு வந்தது. அவள் கை இரண்டிலும் மாவுக்கட்டுச் சுண்ணாம்பு. “எஜே, அமுக்குங்க, ஒலிபெருக்கியில போடுங்க” என்று கத்தினாள். நான் அமுக்கினேன். அதனால் முழுவதையும் கேட்டேன்.

“அனார்கானா? நான் ராப்பியா. எகாதெரின்பர்க்லேர்ந்து. அந்த எண்ணை மாத்தறது நான்தான்.” வயதான குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. “பேரைப் போடாதீங்க.”

“அவர் உங்க...”

“வீட்டுக்காரர். இங்க ரொட்டித் தொழிற்சாலையில வேலை. பத்து மணிக்குத்தான் இடைவேளை விடுவாங்க, அதான் தினம் பத்து மணி.”

“அக்கா, உங்களுக்காகத்தானே மூணு வாரமா தேடினேன். இப்ப சான்று இருக்கு. யாரும் அழிக்க முடியாது.”

“அவர் எந்த வீட்ல இருந்தார்னு உங்களுக்குத் தெரியாது. அந்த ஊர்க்காரங்களுக்குத் தெரியும். மாட்டுக்கு ஊசி போடப் போனார்னு சொல்லித்தான் என் மாமியார் அடக்கம் பண்ணினாங்க. ஏப்ரல் மாசம், விடியக்காலை, மாடே இல்லாத வீட்ல என்ன ஊசி? அந்த வீட்டுப் பொண்ணையும் அதே மண்ணுதான் எடுத்துச்சு. அவ பதினாலுல இருக்கா” என்றாள்.

அனார் சுண்ணாம்புக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டுகிற கால் நின்றிருந்தது.

“அப்புறம் ஏன்க்கா எண்ணை மாத்தறீங்க?”

“என் பேத்தி வகுப்புல சொல்லியிருக்கா, எங்க தாத்தா சாரி-ஜில்கா மண்சரிவுல போனார்னு. டீச்சர் உங்க பக்கத்தைத் திறந்து பார்த்துட்டு, இல்லையே, செத்தவங்க எல்லாரும் அந்த ஊர்தான்னு போட்டிருக்கே, நீ வேற ஏதோ கேட்டிருப்பேன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்க சிரிச்சிருக்கு. வீட்டுக்கு வந்து, தாத்தா எங்கதான் செத்தார்னு கேக்குது. நான் என்ன சொல்ல? செத்தாருங்க. என் புருசன் செத்துத்தான் போனார். பேரு வேணாம், எண்ணிக்கையில மட்டும் சேருங்க.”

“பேரில்லாம எப்படிக்கா எண்ணறது? சான்று கேப்பாங்க.”

“நான் இருபத்தெட்டு வருசமா எண்ணிட்டுத்தான் இருக்கேன்.” இயந்திரம் நின்றது. “மணி அடிச்சிட்டாங்க. வைக்கிறேன்.”

சுண்ணாம்பு கையிலேயே இறுகிவிட்டது. சூடான தண்ணீரில் ஊறவைத்து நான்தான் சுரண்டி எடுத்தேன்.

“சேர்த்திரு. உண்மைதானே. உன் விதியும் அதைத்தானே சொல்லுது” என்றேன்.

“சேர்த்தா அந்தக்கா மானம் போகும். சேர்க்காட்டி கையில சான்றை வச்சுக்கிட்டு மறைக்கிறவ ஆயிடறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க எஜே.”

துர்தாகுன் விடுவாரா? மறுநாளே உரையாடல் பக்கத்தில் எல்லோரும் பார்க்கக் கேட்டார்: “நிர்வாகி சான்று கிடைத்தது என்றாரே, எங்கே அது?” இன்னும் இரண்டு பேர் வந்து அதையே கேட்டார்கள். ஒருவன் ஜெர்மனியில் படிக்கும் பையன், “சான்று கேட்டு எங்கள் கட்டுரைகளை அழிப்பவர் இப்போது ஏன் வாய் திறக்கவில்லை?” என்று எழுதினான்.

நாலு நாள் அனார் ஒன்றும் எழுதவில்லை. அந்த நாலு நாளில் பட்டறையில் அலமாரி எல்லாவற்றையும் இறக்கித் துடைத்தாள், பழைய அச்சுகளை அள்ளிக் குப்பையில் போட்டாள், தேவையானதையும் சேர்த்துப் போட்டுவிட்டு மறுபடி பொறுக்கினாள். ஐந்தாம் நாள் காலை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்பினாள்.

“சான்று என்னிடம் இருக்கிறது. தரமாட்டேன். அதில் உயிரோடிருக்கும் ஒருவருக்குக் காயம் இருக்கிறது. சான்றை மறைக்கும் ஒருவர் இந்தச் சண்டையில் நடுவராக இருக்கக்கூடாது. என் நிர்வாகி உரிமையைத் திருப்பித் தருகிறேன். பக்கத்தைத் திறந்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ‘அனைவரும் அவ்வூரார்’ என்று அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?”

பூட்டு நீக்கிய பக்கத்தை அன்று யாரும் தொடவில்லை. மறுநாள் பத்து மணிக்கும் எதுவும் மாறவில்லை. அனார் அடிக்கடி பார்த்ததில் கைபேசிக்குச் சார்ஜ் தீர்ந்துபோனது.

மூன்றாம் நாள் துர்தாகுன் எழுதினார். நீளமாக எல்லாம் இல்லை. தன்னிடமுள்ள அறிக்கைப் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு முழுதாகப் படித்ததாகவும், ‘அனைவரும் அவ்வூரார்’ என்ற வாசகம் அதில் எங்கும் இல்லை என்றும், அது தான் சேர்த்தது என்றும் சொன்னார். அந்த வரியைத் தானே எடுத்துவிட்டு இப்படி மாற்றினார்: ‘ஊராட்சிப் பதிவேட்டிலிருந்த பதினான்கு பேர் இறந்ததாக ஆணைய அறிக்கை கூறுகிறது. அன்று ஊரில் இருந்த வெளியூரார் கணக்கெடுக்கப்படவில்லை.’ இரண்டாவது வாக்கியத்துக்கு அறிக்கையின் பின்னிணைப்பைச் சான்று காட்டியிருந்தார். கணக்கெடுத்த முறையை விளக்கும் ஒரே பத்தி அது. எழுதியவரும் அவர்தானாம், மறந்திருந்தார்.

அனார் அதை ராப்பியாவுக்கு அனுப்பினாள். வேலை முடிந்து மாலையில் ராப்பியாவே கூப்பிட்டாள்.

“இது பதினஞ்சு இல்லையே.”

“இல்லக்கா.”

“பதினாலுன்னும் முடிஞ்சு போகல.”

“ஆமா.”

“பேத்திகிட்ட இதைப் படிச்சுக் காட்டலாமா? வெளியூரார்னு இருக்கே, அதுல உங்க தாத்தா ஒருத்தர்னு?”

“காட்டுங்க. டீச்சருக்கும் காட்டச் சொல்லுங்க.”

ராப்பியா நன்றி ஒன்றும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த எண்ணை அவள் மாற்றவில்லை. கோடையில் ஊருக்கு வந்தபோது உலர்ந்த சர்க்கரைப்பாதாமிப் பழம் ஒரு மூட்டை தோக்மோக்குக்கு யார் கையிலோ கொடுத்தனுப்பினாள். வகுப்பில் என்ன நடந்தது என்று அதில் சேதி ஏதும் இல்லை.

இலையுதிர்காலத்தில் அனாரை மறுபடி நிர்வாகியாக்கத் துர்தாகுனே முன்மொழிந்தார். அவள் மறுத்தாள். ஜெர்மனிப் பையன் மன்னிப்புக் கேட்டு இன்னொரு முறை முன்மொழிந்தான். அதையும் மறுத்தாள்.

“இப்பத்தான் எல்லாரும் நல்லவளுங்கறாங்களே, ஏத்துக்கயேன்” என்றேன்.

“அந்தப் படம் இன்னும் என் கைபேசியில இருக்கு எஜே. நாளைக்கு ஒருத்தன் சான்றை மறைச்சா, நான் எந்த வாயோட கேப்பேன்?”

“அப்ப படத்தை அழி.”

“அழிக்கறதா?” என்று எழுந்தாள். “அந்த ஆளைப் பத்தி அச்சுல இருக்கறது அது ஒண்ணுதான்.”

எழுந்தவள் உட்காரவில்லை. வெளியே ஒருவர் பல்செட்டுக்குக் காத்திருந்தார். அவரை உள்ளே வரச் சொல்லிவிட்டு, அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டு முறை கை கழுவினாள்.