படத்தை முடித்துவிட்டுச் செத்த நடிகன்

வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணி தின்று முடித்ததும் எங்கள் ரூமில் பழைய ஹாலிவுட் படம் ஓடும். கறுப்பு வெள்ளை, குதிரை, துப்பாக்கி. என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஷார்ஜா லேபர் கேம்ப்பின் அந்த ரூமிலும் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நடிகர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்ல வேண்டும். படம் முடிந்தாலும் விடமாட்டார்கள். அந்த நடிகன் யார், எப்படி வந்தான், எப்படிச் செத்தான் என்று கேட்பார்கள். போனில் தேடிப் படித்து அதையும் கதையாகச் சொல்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை படத்தில் வந்தவன் சிரிக்காமலே நடிக்கிறவன். பால் வண்டி ஓட்டியவன். நாயகனுக்குப் பதிலாகக் குதிரையிலிருந்து விழுகிற வேலைக்குச் சினிமாவுக்குள் வந்து, பிறகு அவனே நாயகன் ஆனான். மூன்று கல்யாணம்.

"மூணு பண்ணியும் மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்லையே" என்றார் கீழக்கரை பாய். எங்கள் கம்பெனி பஸ் டிரைவர்.

"மூணு பண்ணதாலதான் பாய்" என்றார் கீழ்க்கட்டில் அண்ணன். சொல்லிச் சிரித்தவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

அண்ணன் புதுக்கோட்டைக்காரர், சாரம் கட்டும் வேலை. மாதக்கணக்காக அந்த இருமல். சாயந்திரமானால் காய்ச்சல். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டினால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்பது கேம்ப்பில் எல்லோரும் நம்பிய பேச்சு. விசா புதுப்பிக்க எக்ஸ்ரே எடுப்பதற்குள் சரியாகிவிடும் என்று சிரப் குடித்துக்கொண்டிருந்தார்.

அதனால் நடிகனின் கடைசிக் காலத்தை அவரைப் பார்த்தே சொன்னேன். நெஞ்சில் நோய். தெரிந்தால் படத்திலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று மறைத்தான். கேமரா நிற்கும்வரை இருமலை அடக்கினான். படம் திரைக்கு வருமுன் செத்துப்போனான்.

"அப்பவே வைத்தியம் பாத்திருந்தா பொழைச்சிருப்பாண்ணே."

அண்ணன் இடுப்புக் கயிற்றை இழுத்து முடிந்தார். "படத்த முடிச்சுக் குடுத்துட்டான்ல?"

"முடிச்சான். ஆனா..."

"அம்புட்டுத்தான் தம்பி. ஆம்பள."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் ஹீரோ, செத்தாலும் போஸ்டர் ஒட்டுவாங்க. ஒனக்கு என்னத்த ஒட்டுவாங்க? யல்லா, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"விசா அடிச்சதும் வர்றேன் பாய். மக பன்னெண்டாவது படிக்கிறா. இப்ப ஏத்திவிட்டா கலாஸ், எல்லாம் முடிஞ்சுது."

அடுத்த வாரங்களில் சைட்டில் அவரைக் கவனித்தேன். போர்மேன் பக்கத்தில் வந்தால் துண்டால் வாயை இறுக்கி மூச்சை அடக்குவார். அந்த ஆள் போனதும் கம்பியைப் பிடித்துக் குனிந்து இருமுவார். ஒருமுறை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஒரு நாள் காலை பஸ்ஸிலேயே ரத்தமாக வந்தது. பாய் யாரையும் கேட்காமல் வண்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் என்றேன். மாத்திரையில் தீர்கிற டிபி இது, முன்னாடியே வந்திருந்தால் இங்கேயே வைத்தியம் பார்த்திருப்போம் என்றார். பிறகு எக்ஸ்ரேயைக் காட்டி, இனி முடியாது என்று தலையை ஆட்டினார்.

அண்ணன் ஆக்சிஜன் குழாயை விலக்கினார். "என்ன சொல்றாங்க தம்பி?"

குழாயைத் திரும்ப அவர் மூக்கில் வைத்தேன்.

"விசாவுக்கு ஒண்ணும் ஆகாதாம்ணே."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப நாளைக்கு டூட்டிக்கு வந்துருவேன்னு போர்மேன்ட்ட சொல்லிரு."

சொன்னேன். போர்மேன் மறுநாள் சாரம் வேலைக்கு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார். விடியுமுன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.