ஓடையில் விழாத தண்ணீர்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆயம்மாள் போடிமெட்டு ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தவள். ஒரு மழைநாளில் சரிவில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியது. அதன்பிறகு மலை ஏற முடியவில்லை. புருஷன் ராமருக்கு போடியிலிருந்து குரங்கணி போகிற வழியில் கொஞ்சம் நிலம் இருந்தது. பாதி பாறை. அடியில் சாமியூத்து ஓடை. மீன்வளத் துறைக்காரர்கள் ஊருக்கு வந்து மீன் வளர்க்கப் பண்ணைக்குட்டை வெட்ட யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆயம்மாள் கையைத் தூக்கினாள்.

கட்லாவும் ரோகுவும் விட்டாள். மீன் கொழுகொழுவென்று வந்தது. அதைப் பார்த்து ஓடைக்கரை நெடுக ஆளாளுக்குக் குட்டை வெட்டினார்கள். எல்லோருக்கும் மேலே, ஓடை மலையை விட்டு இறங்கும் இடத்தில், தங்கபாண்டி பெரிய பெரிய குட்டைகளாகப் போட்டான். அவன் வளர்த்தது அரசு தடை செய்திருக்கிற ஆப்பிரிக்கக் கெளுத்தி. எந்தச் சகதியிலும் அது வளரும். தப்பித்து ஆற்றுக்குள் போனால் மற்ற மீனையெல்லாம் தின்று தீர்க்கும். கறிக்கடைகளில் மிஞ்சும் கோழிக்குடலை லோடு லோடாகக் கொண்டுவந்து அதற்குக் கொட்டினான்.

அந்தக் கோடையில் ஓடை கறுத்தது. கீழே தென்னந்தோப்பு வைத்திருந்த சோணையின் மாடுகள் தண்ணீரில் வாயை வைத்துவிட்டு உதறித் திரும்பின. மறுநாளே சோணை ஆட்களோடு மண்வெட்டி தூக்கி வந்துவிட்டார். வழியில் முதலில் இருந்தது ஆயம்மாளின் குட்டை.

“ஒதுங்கிக்க ஆத்தா. ஒரு கரையும் இருக்கக்கூடாது. அம்புட்டையும் ஒடைக்கப் போறோம்.”

“தங்கபாண்டி செஞ்சதுக்கு என் கரைய ஏண்ணே வெட்டுறீக?”

“எது யாரு தண்ணின்னு என் மாட்டுக்குத் தெரியுமா? உன் குழாயும் ஓடையிலதான விழுகுது?”

அது உண்மைதான். மீன் பிடித்து முடிந்ததும் அடிச்சகதித் தண்ணீரைக் குழாய் வழியாக ஓடையில் திறந்துவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அவளும் அதைத்தான் செய்துவந்தாள்.

“கொஞ்சம் பொறுங்கண்ணே. என் தண்ணி இனி ஓடைக்கு வராது. வந்தா நீங்க வெட்ட வேணாம், நானே வெட்டி மூடிர்றேன்.”

“சொன்ன சொல்லு மாறக்கூடாது ஆத்தா” என்றார் சோணை. பிறகு ஆட்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

மீன்வள ஆய்வாளர் தேவி வழி சொன்னாள். குட்டைத் தண்ணீரை இன்னொரு குழிக்கு விட்டுத் தெளியவைக்க வேண்டும். வண்டல் எருவாகும், தெளிந்தது வாழைக்கும் தென்னைக்கும் பாயும். “ஆனா உங்களுக்கு எடம் குறையும்மா. மீனையும் குறைச்சுத்தான் விடணும்” என்றாள். ஆயம்மாள் மீன்குஞ்சு வளர்த்த சின்னக் குட்டையைத் தெளிவுக்குழியாக மாற்றினாள். இருக்கிற மீனையும் குறைக்கிறாளே என்று ராமர் நாலு நாள் முனகினார். ஐந்தாம் நாள் அவரே வாழைக்கு வாய்க்கால் இழுத்தார்.

சண்டை மேலே போய், போடி தாலுகா ஆபீசில் கோட்டாட்சியர் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டார். கூட்டம் நிரம்பி வழிந்தது. குட்டை அத்தனையும் மூட வேண்டும் என்றார் சோணை. வெட்டச் சொன்னதும் நீங்கள், இப்போது சட்டம் பேசுவதும் நீங்களா என்று மீன் வளர்ப்பவர்கள் அதிகாரிகளைப் பார்த்துக் கத்தினார்கள். “நான் கெளுத்திய நிறுத்துனா வாங்குறவன் வேற ஊர்ல வாங்கிக்கிருவான். நட்டம் எனக்குத்தான்” என்றான் தங்கபாண்டி. விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன, ஒவ்வொரு குட்டையாகப் போய்ப் பார்க்கத்தான் ஆள் போதவில்லை என்றாள் தேவி.

ஆயம்மாள் எழுந்தாள்.  

“அய்யா, குட்டைய மூடுனா எங்க பொழப்பு போயிரும். இப்படியே விட்டா சோணை அண்ணன் தோப்பு போயிரும். எங்களுக்குச் சட்டம் போடுங்க. ஆனா எங்களால செய்ய முடியிற சட்டமாப் போடுங்க. வந்து பாக்குறதுக்கு ஆபீசருக மட்டும் போதாது. கீழ தண்ணி குடிக்கிறவுகளும் வரட்டும். எப்ப வேணாலும் வரட்டும்.”

“அக்கா, நம்ம கழுத்துல நீயே கயித்தப் போடுறியே!” என்று தங்கபாண்டி கத்தினான்.

“வரப்பு போடுறேன்டா தம்பி. வரப்பு இருந்தாத்தான நம்ம வயலுன்னு சொல்லிக்கிற முடியும்?”

கோட்டாட்சியர் மறுநாள் காலையிலேயே ஆயம்மாளின் குட்டையடிக்கு வந்துவிட்டார். கூடவே ஊரும் வந்தது. சோணை தெளிவுக்குழியில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி மோந்து பார்த்தார். வாழைக்குள் நடந்து ஓடைவரை போனார். குழாய் எதுவும் இல்லை. “சரியாத்தான் இருக்கு” என்று அவர் வாயாலேயே சொன்னார்.

அன்றைக்கே முடிவானது. கெளுத்தி கூடாது. கோழிக்கழிவு கூடாது. தெளிவுக்குழி இல்லாமல் குட்டை கிடையாது. கண்காணிக்கிற குழுவில் சோணையும் ஒருவர், ஆயம்மாளும் ஒருவர்.

தங்கபாண்டி மட்டும் மசியவில்லை. அதிகாரிகள் வந்து கெளுத்தியைப் பிடித்துக் குழிதோண்டிப் புதைத்தார்கள். அவன் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தான். ஆயம்மாள் மற்ற மீன்காரர்களையும் கூட்டிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனாள். “ஆளுக்குக் கொஞ்சம் குஞ்சு தர்றோம். குழிய நாங்களும் சேந்து வெட்டுறோம். எந்திரிச்சு வாடா, சோலி கெடக்கு” என்றாள்.  சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வந்தான்.

ஐப்பசியில் குரங்கணி மேல் மழை கொட்டி, ஓடை இரு கரையும் புரண்டது. முன்னெல்லாம் இப்படி வெள்ளம் வந்தால் குட்டை உடைந்து மீனும் சகதியும் கீழே போகும். இந்த முறை கரையை உயர்த்தி, சுற்றிலும் வலை கட்டியிருந்தார்கள். தங்கபாண்டியின் மேல்குட்டை ஓரிடத்தில் கசிந்ததும் முதலில் மணல்மூட்டையோடு ஓடிவந்தது சோணையின் ஆட்கள்தான். “வெரசா கொண்டாங்கப்பா!” என்று சோணை சேற்றில் நின்று விரட்டினார். வெள்ளம் வடிந்தது. ஒரு கரைகூடப் போகவில்லை.

தை பிறந்து அறுவடை வந்தது. ஓடைத் தண்ணீரில் கூழாங்கல் தெரிந்தது. சோணையின் மாடுகள் அதில் இறங்கிப் படுத்துக் கிடந்தன. முதல் வலையைத் தங்கபாண்டியின் குட்டையில் போடலாம் என்றாள் ஆயம்மாள். ஒரு பக்கக் கயிற்றைத் தங்கபாண்டியும் மறுபக்கத்தை சோணையும் பிடித்தார்கள். போடியிலிருந்து வந்த வியாபாரிகள் கரையில் நெருக்கியடித்தார்கள். தேவாரம் பக்கத்து விவசாயிகள் சிலர், எங்கள் ஊரிலும் இப்படிச் சட்டம் வைக்க வேண்டும், நீ வந்து சொல்லித்தா என்று ஆயம்மாளைக் காலையிலிருந்தே பின்தொடர்ந்து கொண்டிருந்தார்கள்.

“இருங்கப்பா, மொதல்ல மீனப் பாப்போம்” என்றபடி அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். வலை சுருங்கச் சுருங்க, கட்லாக்கள் வெயிலில் மின்னி எகிறின. ஒன்று சோணையின் நெஞ்சில் அறைந்துவிட்டு விழுந்தது. அவர் கயிற்றை விடாமல் சிரித்தார். கரையில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். குட்டைக்கு நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஆயம்மாளும் எல்லோருக்கும் மேலாகக் குலவை போட்டாள்.