டீச்சரின் கழிப்பறை

ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் தியான நிலையம் இருந்தது. ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் அமர்ந்த பிறகு ஆளுக்கொரு வேலை செய்ய வேண்டும். ‘நான்’ என்பது கரைய வேண்டுமாம். எந்த வேலை வேண்டும் என்று பிக்கு கேட்டபோது, மற்றவர்கள் பூ மாற்றுவதையும் கிண்ணம் துடைப்பதையும் யோசித்துக்கொண்டிருக்க, நான் முந்திக்கொண்டு கழிப்பறை என்றேன். பள்ளியில் ஒரு துறைக்கே தலைவி நான். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் இதை எப்படியாவது பேச்சில் நுழைத்துவிடுவேன். கரைகிற லட்சணம் அது.

அங்கே சம்பளத்துக்குச் சுத்தம் செய்த அம்மாவும் தமிழர்தான். என் வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். என்னை டீச்சர் என்பார். அவரை அழைத்துப் பேச எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆறாவது மாதமோ என்னவோ, ஒரு ஞாயிறு. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழாயருகே வைத்துவிட்டு, ரப்பர் கையுறையோடு தேய்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் முதன்முறையாக வந்திருந்த ஒரு தமிழ்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இங்க டிஷ்யூ இல்ல லா. கொஞ்சம் போட்டுடுறீங்களா?”

மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று ஏறியது.

“நான் க்ளீனர் இல்லம்மா. என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? நான் டீச்சர். டிபார்ட்மெண்ட் ஹெட்.”

அவள் முகம் சுண்டிப்போனது. அதற்குள் அவள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“நான்தாம்மா க்ளீனர். இதோ போட்டுடுறேன்.”

அந்த அம்மா, கையில் வாளியோடு. எவ்வளவு நேரம் நின்றிருந்தாரோ. நான் கையுறையை உருவிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கடிகாரம் நினைவுக்கு வந்து திரும்பியபோது, நான் கழுவி முடித்த தரையை அவர் மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

“சரியா கழுவலையா நான்?”

“சோப்பு அப்படியே நிக்கும் டீச்சர். வயசானவங்க வர்ற எடம், வழுக்கிடும்.”

“எல்லா வாரமுமா இப்படிச் செய்யறீங்க?”

அவர் ஆமென்று தலையாட்டினார்.

“சொல்லியிருக்கலாமே?”

“நீங்க ஆசையா செய்யறீங்க. முந்தியெல்லாம் ஒம்பதரைக்கே முடிச்சுட்டு பத்து மணிப் பூசைக்கு ஓடிடுவேன். இப்ப சாயங்காலப் பூசைக்குப் போறேன். அதனால என்ன, பரவால்ல.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. கூடத்தில் மணி அடித்தார்கள். தப்பித்தோம் என்று போய்விட்டேன். கடிகாரத்தைக்கூட எடுக்கவில்லை.

கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரம் எதை விட்டோம் என்று சொல்வது வழக்கம். பேசியவர் முடித்ததும் மற்றவர்கள் கைகூப்பி, நன்று என்ற பொருளில், “சாது, சாது, சாது” என்பார்கள். எதிரே அந்தப் பெண் குனிந்த தலையோடு இருந்தாள். அவள் முறை வந்து எதையாவது சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டேன். இன்று ஒருவர் என்னைத் துப்புரவாளர் என்று நினைத்துவிட்டார், உள்ளே ஏதோ குத்தியது, அந்தக் குத்தலைக் கவனித்தேன் என்றேன். அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லவில்லை. சோப்புத் தரையையும் பூசையையும் சொல்லவில்லை.

“சாது, சாது, சாது” என்றார்கள். வழக்கத்தைவிட உரக்கவே சொன்னார்கள். அந்தப் பெண்ணும் சொன்னாள்.

நிமிர்ந்தால், வாசலில் அந்த அம்மா. எங்கள் சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு ஓரமாக நடந்து வந்து, துடைத்துக் காயவைத்த கடிகாரத்தை என் மடியில் வைத்தார்.

“மறந்துட்டீங்க டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னார். அவமானத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. அப்போதுகூட, வட்டத்தில் நான் பேசியது இவர் காதில் விழுந்திருக்குமோ என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

அதன் பிறகு நான் அங்கே போகவில்லை. வேலைப்பளு என்று பிக்குவுக்கு எழுதினேன், அதுவும் பொய். ஞாயிறு காலை பத்து மணி ஆனால் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பேன். இந்நேரம் அவர் பூசைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்.