கெல்தூமின் அறுபது வரி

கெல்தூம் பதினோரு வருடங்களாக எனக்குப் பக்கத்து மேசை. ஃபெஸ் நகரில், மருத்துவமனைகளின் கணினிகளைக் கவனிக்கும் எங்கள் உதவி மையத்தில் அவளிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. எனக்குக் கிடைத்த பங்கு கொஞ்சம் கூடுதல்.

எந்த ஊரில் எந்தக் கணினி மக்கர் செய்தாலும் எங்கள் இணையதளத்தில் டிக்கெட், அதாவது புகார்க் குறிப்பு, எழுத வேண்டும். அந்தத் தளம் திறப்பதற்குள் புதினாத் தேநீர் ஆறிவிடும். பொறுமை என்பது துளியும் இல்லாத கெல்தூம், மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, அறுபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட், கணினிக்கான சின்ன நிரல், எழுதினாள். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை டிக்கெட்டுகள் போய்ச் சேரும் பெரிய கணினியான சர்வரிடம் நேராகப் போய், கடைசி ஒரு மணி நேரத்தில் வந்த டிக்கெட்டுகளைக் கேட்டு வாங்கி எங்கள் திரையில் பட்டியலிடும். அதன் பிறகு தளத்தைத் திறந்து பார்க்கும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிற்று. அவளுடைய சட்டமும் அப்போதுதான் பிறந்தது: டிக்கெட் இல்லையா, வேலையும் இல்லை. போனில் அழுதால் நடக்காது.

நோன்புப் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பணியில் அவள் ஒருத்திதான் இருந்தாள். காலை ஒன்பது மணிக்கு ஸெஃப்ரூ டயாலிசிஸ் மையத்திலிருந்து தூதா என்ற எழுத்தர் கூப்பிட்டாள். நோயாளிகளின் விவரம் திறக்காமல் பூட்டிக்கொண்டது, எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள் என்றாள். நாங்கள் இங்கிருந்தே இரண்டு நிமிடத்தில் திறந்துவிடக்கூடிய பூட்டுதான்.

"டிக்கெட் எழுது."

"எழுதிட்டேன் லல்லா," என்றாள் தூதா மரியாதையாக.

கெல்தூம் பட்டியலைப் பார்த்தாள். காலி.

"ஒண்ணும் வரல. எழுதிட்டு அப்புறம் கூப்பிடு."

கால் மணி நேரம் கழித்துத் தூதா மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் பட்டியல் காலி. "பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேணாம்?" என்று கேட்டுவிட்டுக் கெல்தூம் போனை வைத்துவிட்டாள். எட்டுப் பேரும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒரு பெரியவரை மாலையில் மூச்சுத் திணறலோடு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மயிரிழையில் பிழைத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போனில் விசாரணை. டிக்கெட் எழுதாமல் எழுதினேன் என்று பொய் சொன்னதற்காகத் தூதாவை வேலையை விட்டு அனுப்புவதென்று அந்த மையத்தின் டாக்டர் முடிவு செய்திருந்தார். டிக்கெட் வரவில்லை என்று எங்களிடமிருந்து ஒரு காகிதம் போதும். எங்கள் மேலாளர் ஸி ஸுஹைர் கேட்டதும் கெல்தூம் ஸ்கிரிப்டிடம் கேட்டாள்: ஸெஃப்ரூ, ஞாயிறு, எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை. பூஜ்யம் என்று வந்தது. அச்செடுத்து மேசையில் வைத்தாள்.

அன்று காலையிலிருந்தே எங்கள் திரையும் காலியாகத்தான் இருந்தது. ஊரே பெருநாள் மயக்கத்தில் கிடக்கிறது என்று மிச்சமிருந்த பலகாரத்தை மென்றுகொண்டிருந்தோம். ஒன்பது நாற்பதுக்கு நான்தான் வாயைத் திறந்தேன்.

"என் டிக்கெட்டை எப்பம்மா பார்ப்பே? ஹெட்செட்ல ஒரு காது கேக்கல."

"எந்த டிக்கெட்? நீ எழுதவே இல்ல, மிலூத்."

"ஒன்பது இருபதுக்கு எழுதினேன். உன் சட்டத்துக்குப் பயந்து, அந்தப் பாழாப்போன தளத்தைத் திறந்து, உன் பக்கத்துல உக்காந்து எழுதினேன்!"

அவள் திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்கிரிப்டைத் திறந்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

ரமளான் மாதத்தில் எங்கள் நாட்டுக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பெருநாள் கழிந்து ஒரு ஞாயிறன்று முன்னால் வரும். சர்வரின் கடிகாரமோ நோன்பும் அறியாது, பெருநாளும் அறியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வரியில் அவள் கையாலேயே எழுதி வைத்திருந்தாள். ரமளானுக்காக அங்கே பூஜ்யம் போட்டவள், அதைத் திரும்ப ஒன்றாக்க மறந்திருந்தாள். ஞாயிறு காலையிலிருந்து அந்த ஸ்கிரிப்ட், இன்னும் வந்தே சேராத ஒரு மணி நேரத்தின் டிக்கெட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. சர்வர் ஒன்றுமில்லை என்று உள்ளதைத்தான் சொன்னது. காகிதத்துக்காக எட்டரையிலிருந்து என்று அவள் கேட்டபோதும், அது ஒன்பதரையிலிருந்துதான் தேடியிருந்தது.

அவள் எண்ணை மாற்றி, ஞாயிறு காலையிலிருந்து கேட்டாள். திரை நிறைந்தது. தூதாவின் டிக்கெட் இரண்டு. எட்டு ஐம்பத்திரண்டு, ஒன்பது பத்து. இரண்டாவதில், "தயவுசெய்து சீக்கிரம், பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது" என்று இருந்தது.

மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

"சர்வர் கோளாறுன்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். சொன்னவன் நான்தான். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

ஸி ஸுஹைர் வந்து திரையைப் படித்தார். தலையில் கை வைத்தார். "கெல்தூம், இது வெளிய போனா ஒப்பந்தம் போயிடும். உன் வேலையும்தான். நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிக்க அஞ்சு நிமிஷம்தான் இருக்கு, ஸி ஸுஹைர்," என்று அச்செடுத்த காகிதத்தோடு எழுந்து, விசாரணைக்கான போன் இருந்த அறைக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம்.

ஸ்பீக்கரில் டாக்டர் கோபமாக வந்தார். "காகிதம் ரெடியா? அந்தப் பொண்ணு என் எதிர்ல உக்காந்து அழுதுட்டிருக்கா. சீக்கிரம் முடிச்சுடுவோம்."

கெல்தூம் நின்றுகொண்டே பேசினாள். "டாக்டர், அவ ரெண்டு டிக்கெட் எழுதியிருக்கா. ரெண்டும் வந்திருக்கு. நான் எழுதின ஸ்கிரிப்ட் நேரத்தைத் தப்பாக் கேட்டிருக்கு. தப்பு என்னோடது."

டாக்டர் கத்தினார், நெடுநேரம் கத்தினார். கடைசியில், "இதை எழுதித் தருவீங்களா?" என்றார்.

"கையெழுத்துப் போட்டே தர்றேன்."

அப்போது தூதாவின் குரல் வந்தது. "நான் போன்லயும் சொன்னேனே லல்லா. ரெண்டு தடவை."

"சொன்னே. மெஷினை நம்பினேன், உன்னை நம்பல."

"பெரியவரோட மகன் நேத்து எங்க வீட்டு வாசல்ல நின்னு, என்னைக் கொலைகாரின்னு கத்தினாரு. தெருவே பார்த்துச்சு. அவர்கிட்ட இதைச் சொல்வீங்களா?"

ஸி ஸுஹைர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கெல்தூம் பேனாவை எடுத்து, தான் அச்செடுத்த அந்தக் காகிதத்தையே திருப்பிப் போட்டாள்.

"அவர் நம்பர் சொல்லு," என்றாள்.