எங்கள் சித்தி அழாத படம்

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் டாக்குமெண்டரி எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. கேமராவைக் கண்டு மிரளுகிற ஆளே இங்கே கிடையாது. தேவாரத்து மலையடிவாரத்திலும் பண்ணைப்புரம் பக்கமும் அடிக்கடி ஏதாவது சூட்டிங் நடக்கும். கூட்டத்தில் ஒருவராகப் போய் நிற்காத குடும்பம் அபூர்வம். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுகூட எங்கள் சனத்துக்கு அத்துப்படி.

என் சித்தி அதிலும் ஒரு படி மேல். சாவு சீன் என்றால் அவளைத்தான் தேடி வருவார்கள். முன்பின் தெரியாத ஒரு நடிகர் மூச்சை அடக்கிக்கொண்டு பாடையில் கிடப்பார். சித்தி மாரில் அடித்துக்கொண்டு அழுகிற அழுகையில் லைட் பிடிக்கிறவரே மூக்கைச் சிந்துவார்.

அந்தச் சித்தியைப் பற்றித்தான் நான் படம் எடுக்க நினைத்தேன். சித்தப்பா கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். கம்பத்துக்குப் பக்கத்திலுள்ள திராட்சைப் பந்தலைச் சித்திதான் தனியாளாகப் பார்க்கிறாள். கொடியைக் கவாத்து வெட்டுவது, மருந்தடிப்பு, ஆள் கூப்பிடுவது எல்லாம் அவள். ஆனால் வியாபாரி விலை பேசப் போவது சித்தப்பாவின் தம்பி வீட்டுக்கு. "பாவம், மதினி என்ன செய்யும்? எல்லாம் நாந்தேன் பாத்துக்கிறேன்" என்று அவரும் கூசாமல் சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சித்தி படத்துக்கு ஒத்துக்கொண்டதே அதற்காகத்தான். "தோட்டம் எந்தோட்டம்னு ஊரு பாக்கணும் ஆத்தா. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

முதல் நாள் பந்தலுக்குள் கேமராவை வைத்து, "சித்தப்பா போனதும் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். முந்தானை வாய்க்குப் போனது, குரல் உடைந்தது, கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. நானே கலங்கிப்போனேன். முடித்த கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்துச்சா? இன்னொரு டேக் போவமா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "சித்தி, இதைப் போட்டா ஒங்க கொழுந்தனார் சொல்றதுதேன் சரின்னு ஆயிரும். பாவப்பட்ட மதினி!"

"அழுகாம எவன் பாப்பான்?"

"நான் பாப்பேன்."

அன்றோடு கேள்வி கேட்பதை நிறுத்தினேன். கேமராவை ஓரமாக ஓடவிட்டு, நானும் கொடி கட்டப் போனேன். நாளாக ஆகச் சித்தி கேமரா இருப்பதையே மறந்துபோனாள். ஒரு காலை, கொழுந்தனார் சொன்னார் என்று வியாபாரி வண்டியும் பெட்டியும் ஆட்களுமாக வந்து நின்றார். சித்தி ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுத் துப்பினாள்.

"இன்னும் புளிக்குது. இனிப்பு ஏறாம ஒரு குலையில கைவைக்கக் கூடாது. யாரு வரச் சொன்னாகளோ, அவுககிட்டயே போய்ச் சொல்லுங்க."

வண்டி காலியாகத் திரும்பியது. பழம் இனித்த பிறகு அதே வியாபாரி வந்து வெட்டிப்போனார். ஆனாலும் விலைப் பேச்சு கொழுந்தனாரோடுதான்.

எடிட்டிங் செய்த தோழி, அந்த அழுகையைச் சேர்த்தால்தான் பட விழாக்களில் எடுபடும் என்று மன்றாடினாள். தூக்கிப் போடு என்றேன். விழாக்காரர்கள் கையை விரித்தார்கள். விரிக்கட்டும், எனக்கு ஊர் பார்த்தால் போதும்.

ஊர் நாடக மேடையில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படத்தைக் காட்டினோம். "பாட்டு இல்லையா?" என்றார்கள். "அக்கா எப்ப அழுகும்?" என்றார்கள். காலி வண்டி திரும்புகிற இடத்தில் பெண்கள் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது பாருங்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன்வரிசையில் கொழுந்தனாரும் வியாபாரியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படம் முடிந்ததும் கொழுந்தனார் அவர் தோளில் கைபோட்டு, "மதினி வெவரமில்லாமப் பேசிருச்சு. அடுத்த வெட்டு நம்ம பேசிக்கிருவோம்" என்றார்.

வியாபாரி அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் பெண்கள் பக்கம் நடந்தார். "அக்கா, அடுத்த வெட்டு எப்பன்னு நீங்க சொன்னீகன்னா வண்டி கொண்டாறேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"காலையில தோட்டத்துக்கு வாங்க. பழத்தைப் பாத்துட்டு வெலை பேசுவோம்" என்றாள் சித்தி.

கொழுந்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க தம்பி" என்றாள். "நேரமாச்சு."